ஒரு விண்மீன் கொத்தில் இருப்பவை எல்லாம் ஒரே சமயத்தில் பிறந்தவையா?

ஹார்பர் லைன்:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வாஷி அலுவலக நண்பர்களோடு மும்பைக்கு வெளியே இருக்கும் வாங்கணிக்கு இரவு வானம் பார்க்கப் போயிருந்தேன். தொலைநோக்கியில் கார்த்திகை, ரோகிணியைச் சுற்றியிருக்கும் ஹயடீஸ் கொத்து, கடைசியாக ஓரியனின் வாளில் இருக்கும் நெபுலா என்ற வாயு மேகம், மூன்றையும் காட்டினார்கள். விளக்கம் சொன்னவர், ஒரு கொத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மேகத்திலிருந்து ஒரே நேரத்தில் பிறந்தவை என்றார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கார்த்திகையில் நான் பார்த்தது எல்லாம் நீல வெள்ளை. ஹயடீஸிலோ வெள்ளைகளுக்கு நடுவே சில ஆரஞ்சு நட்சத்திரங்கள். ஆரஞ்சு நிறம் வந்தால் நட்சத்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அந்தக் கொத்தில் கிழமும் இளசும் கலந்திருப்பதாகத்தானே அர்த்தம்? ஓரியன் நெபுலாவில் இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்றும் அவரே சொன்னார். ஏற்கெனவே பிறந்ததும் இனிமேல் பிறக்கப்போவதும் எப்படி ஒரே நேரம் ஆகும்?

நான் பி.காம். படித்தவன். சமன்பாடு வேண்டாம். ஆனால் மேலோட்டமாகவும் வேண்டாம்.

மாட்டுங்கா மொட்டைமாடி:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த இடத்தில் பளிச்சென்று தெரியும் பெரிய ஆரஞ்சு நட்சத்திரம் ரோகிணி, அதாவது ஆல்டிபரான். அது அந்தக் கொத்தைச் சேர்ந்ததே இல்லை. ஹயடீஸ் சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டில், நமக்கும் கொத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனாலும் உங்கள் கேள்வி போய்விடாது. மிச்சமிருக்கும் மங்கலான ஆரஞ்சுகள் உண்மையிலேயே கொத்தின் உறுப்பினர்கள்தான்.

இன்னொன்று. கார்த்திகையின் படங்களில் நீலமாக ஒரு மூட்டம் தெரியும். அது பிறந்த மேகத்தின் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தக் கொத்து போகிற வழியில் குறுக்கே வந்த வேறொரு தூசி மேகம் அது. மற்றதை திலக் நகர் மேடம் சொன்னால் நன்றாக இருக்கும்.

திலக் நகர்:

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. நான் செம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கொத்துகளின் வரைபடம் போடுவது எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் கொடுக்கும் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் நீளமாகவே எழுதப்போகிறேன்.

ஹார்பர் லைன் தம்பி, நீங்கள் பார்த்த ஆரஞ்சு நட்சத்திரங்கள் வயதின் கடைசிக் கட்டத்தில் இருக்கின்றன என்பது சரி. ஆனால் கடைசிக் கட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதில் வருவதில்லை. நட்சத்திரத்தின் ஆயுளை முடிவு செய்வது அதன் நிறை. நிறை கூடினால் எரிபொருளும் கூடும், ஆனால் செலவு அதைவிடப் பல மடங்கு கூடிவிடும். சூரியனுக்கு மொத்த ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டு. சூரியனைப்போல் இரண்டு மடங்கு நிறை உள்ளதற்கு 100 கோடியை ஒட்டித்தான். பத்து மடங்கு உள்ளதற்கு இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளில் கதை முடிந்துவிடும்.

இப்போது ஹயடீஸைப் பாருங்கள். அதன் வயது சுமார் 65 கோடி ஆண்டு. அந்த வயதில், சூரியனைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நிறை உள்ளவை மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டு வீங்கி ஆரஞ்சாகிவிட்டன. காமா, டெல்டா, எப்சிலன், தீட்டா-1 என்ற நான்கும் அப்படிப்பட்டவை. அவற்றைவிடக் கனமாக இருந்தவை, எரிபொருள் தீர்ந்து வெறும் உள்ளகம் மட்டும் மிஞ்சிய வெள்ளைக் குள்ளன்களாகச் சுருங்கி அதே கொத்துக்குள் கிடக்கின்றன. இலேசானவை இன்னும் நிதானமாக எரிகின்றன. பிறந்த நாள் ஒன்றேதான், செலவழித்த வேகம் வேறு.

கார்த்திகை இன்னும் அழகான உதாரணம். அதன் வயது 11 முதல் 13 கோடி ஆண்டுக்குள். கொத்திலேயே பிரகாசமான அல்சியோனே இப்போதுதான் வீங்கத் தொடங்கியிருக்கிறது. அதே கொத்தில், உங்கள் தொலைநோக்கிக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் உண்டு. அவை இன்னும் சுருங்கி முடிக்கவே இல்லை. சூரியன் நிறை உள்ள நட்சத்திரம் சுருங்கி, நிலையாக ஹைட்ரஜன் எரிக்கும் கட்டத்துக்கு வருவதற்கு நான்கைந்து கோடி ஆண்டு பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு நிறை உள்ளதற்குப் பல பத்துக் கோடி ஆண்டுகள். ஆக, கூடப் பிறந்ததில் பெரியது முடிக்கப்போகிறது, சின்னது ஆரம்பிக்கவே இல்லை. இதை முதன்முதலில் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

சரி, ஒரே வயது என்று எப்படித் தெரிகிறது? கொத்தில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறத்தையும் கிடை அச்சிலும் பிரகாசத்தை நிலை அச்சிலும் குறித்தால், பெரும்பாலான புள்ளிகள் மேல் இடமிருந்து கீழ் வலமாக ஒரு சரிவுக் கோட்டில் விழும். இதை முதன்மை வரிசை என்போம். கனமானவை மேலே இருக்கும், அவைதான் முதலில் கோட்டை விட்டு விலகி வலப்பக்கம் போகும். எந்த இடத்தில் கோடு வளைந்து திரும்புகிறதோ, அந்த இடத்து நட்சத்திரத்தின் ஆயுள்தான் கொத்தின் வயது. நட்சத்திரங்கள் வெவ்வேறு காலத்தில் பிறந்திருந்தால் அந்தத் திருப்பம் ஓரிடத்தில் இருக்காது, சிதறிக் கிடக்கும். ஹயடீஸிலும், பூச நட்சத்திரப் பக்கம் இருக்கும் எம்44 என்ற கொத்திலும், எம்67 என்ற பழைய கொத்திலும் அது சிதறவில்லை. பேனாவால் இழுத்ததுபோல் கோடு, ஒரே ஒரு திருப்பம்.

கார்த்திகைக்கு இன்னொரு தனிச் சாட்சியும் உண்டு: லித்தியம். சின்ன நட்சத்திரங்களின் உள்ளே வெப்பம் ஏற ஏற லித்தியம் அழியும். மிகச் சிறியவற்றில் அந்த வெப்பம் வரத் தாமதமாகும், இன்னும் கீழே போனால் வரவே வராது. எந்தப் பிரகாசத்துக்குக் கீழே லித்தியம் அழியாமல் இருக்கிறது என்று பார்த்தால் வயது கிடைக்கும். 1998-ல் இப்படிக் கணக்கிட்டபோது சுமார் 12.5 கோடி ஆண்டு வந்தது. மேலே இருக்கும் கனமான நட்சத்திரங்களும் கீழே இருக்கும் மிகச் சிறியவையும் ஏறக்குறைய ஒரே வயதைச் சொல்கின்றன.

ஆனால் இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. 12 கோடி ஆண்டுக் கொத்தில் 30 லட்சம் ஆண்டு வித்தியாசம் இருந்தால் அது இரண்டரை சதவீதம். அது நம் வரைபடத்தில் தெரியாது. 400 கோடி வயதுள்ள எம்67-ல் நினைத்தே பார்க்க முடியாது. "ஒரே நேரம்" என்று நாம் சொல்வது, "வித்தியாசம் இருந்தாலும் நம் அளவைக்குள் சிக்காத அளவு சிறியது" என்பதுதான். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொத்து இளசாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்வி அங்கேதான் போய்த் தொடுகிறது, ஓரியனில்.

கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நாளில்தான் சாப்பிடுகிறோம். ஒரே பந்தியிலா என்பது வேறு கேள்வி. 2017-ல் சிலியில் பரனாலில் இருக்கும் விஎஸ்டி தொலைநோக்கியால் ஓரியன் நெபுலாக் கொத்தை அளந்தவர்களுக்கு வரைபடத்தில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று கோடுகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 29 லட்சம், 19 லட்சம், 12 லட்சம் ஆண்டுகள். மூன்று பந்தி! இளைய நட்சத்திரங்கள் கொத்தின் நடுவில் கூடுதலாக நெருங்கியிருப்பதும் தெரிந்தது. இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றாகத் தெரிவதால் இப்படிக் கோடு பிரிந்ததோ என்ற கேள்வியையும் அவர்களே எழுப்பினார்கள். இந்த வயதில் நட்சத்திரங்கள் சுருங்கச் சுருங்க மங்கும், அதனால் பிரகாசமானது இளசு என்று கணக்காகும். ஒரே அளவுள்ள இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகத் தெரிந்தால் பிரகாசம் இரட்டிப்பாகி, ஜோடி உண்மையைவிட இளசாகத் தோன்றும் அல்லவா? அதனால் மூன்றாவது பந்தியைப் பற்றிச் சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கொத்தின் வயது ஒரே ஒரு எண்ணாக இல்லை, பல லட்சம் ஆண்டுகள் பரவியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏன் பல லட்சத்தோடு நின்றுவிடுகிறது, ஏன் கோடிக்கணக்கில் போவதில்லை? இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேகம் ஒரே கட்டியாகச் சுருங்குவதில்லை. இழை இழையாக இருக்கும் குளிர்ந்த வாயு, சேரும் இடங்களில் அடர்ந்து, அங்கங்கே வெவ்வேறு நேரத்தில் நட்சத்திரங்களாகிறது. அதில் ஒன்றிரண்டு மிகக் கனமானவை பிறந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஓரியன் நெபுலாவின் நடுவில் ட்ரபீசியம் என்ற நாலு நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரியதான தீட்டா-1 சி (ஹயடீஸின் தீட்டா-1 வேறு), சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் கனமானது. அதன் புற ஊதாக் கதிரும் அனல் காற்றும் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கி விரட்டுகின்றன. வாயு போனால் பிறப்பு நிற்கும். 50 லட்சம் ஆண்டைத் தாண்டிய கொத்துகளில் பெரும்பாலானவற்றில் பிறந்த மேகம் இருப்பதே இல்லை. தானே பிறந்து, தன் பின்னால் வருபவற்றுக்குக் கதவைச் சாத்துகிறது கொத்து.

ஐரோலி:

மேடம், அருமை. ஒரு சந்தேகம். கனமான நட்சத்திரம் வாயுவை விரட்டுவது ஒரு தடவைதானே? அப்புறம் எப்படி இரண்டாவது, மூன்றாவது பந்தி வரும்? ஒரு நட்சத்திரம் வெடித்தால் பக்கத்து மேகம் அமுங்கி, அதில் புதிதாகப் பிறக்கும் என்றும் படித்திருக்கிறேன். அதையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?

திலக் நகர்:

நல்ல கேள்வி. ஒரு விளக்கம் எனக்கு நம்பும்படி இருக்கிறது. நெருக்கமான நடுப்பகுதியில் கனமான நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்த்து, சில சமயம் ஒன்றைக் கொத்தை விட்டே எறிந்துவிடும். விரட்டியவரே வெளியே போய்விட்டால் வாயு மறுபடி உள்ளே வழியும், மறுபடி பிறக்கும். எறியப்பட்டவற்றுக்குக் கண் முன்னால் சாட்சி இருக்கிறது. ஏஈ ஆரிகே, மியூ கொலம்பே என்ற இரண்டு நட்சத்திரங்கள் நேர் எதிர்த் திசைகளில், நொடிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடுகின்றன. அவற்றின் பாதையைப் பின்னோக்கி இழுத்தால் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஓரியனில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

வெடிப்பால் பக்கத்தில் பிறப்பது நடக்கும், ஆனால் அது கொத்தைவிடப் பெரிய அளவில். ஓரியன் முழுக்கப் பார்த்தால் இடுப்புக்கு வடமேற்கே இருப்பவை கிட்டத்தட்ட ஒரு கோடி வயதுள்ளவை, இடுப்புப் பகுதி அதைவிட இளசு, நெபுலா எல்லாவற்றிலும் இளசு. அந்தப் பரப்பு முழுவதையும் ஒரே கொத்து என்று கணக்கில் எடுத்தால் "ஒரே நேரம்" என்ற பேச்சே உடைந்துவிடும்.

மாட்டுங்கா மொட்டைமாடி:

மேடம், கோளக் கொத்துகளை, அதாவது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்துபோல் நெருங்கியிருக்கும் மிகப் பழைய கொத்துகளை, தொடாமல் விடக் கூடாது. ஏப்ரல் நள்ளிரவில் வாங்கணியிலிருந்து தெற்கே, அடிவானத்துக்கு 23 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரியைக் காட்டுவேன். அதில் பல தலைமுறை உண்டு என்று சொல்கிறார்களே?

திலக் நகர்:

உண்டு ஐயா. எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான். ஒமேகா சென்டாரியில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள். 2004-ல் ஹப்பிள் அளவீடுகளில் அதன் முதன்மை வரிசை இரண்டாகப் பிளந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வருடமே நிறமாலை எடுத்துப் பார்த்தால், நீலமாக இருந்த கோட்டில் உலோகங்கள் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களை எல்லாம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கூடுதல். வழக்கமாக உலோகம் கூடினால் நட்சத்திரம் சிவப்பாகத்தான் நகர வேண்டும். அது நீலமாக இருக்க வேண்டுமானால் ஹீலியம் மிக அதிகமாக இருந்தாக வேண்டும். 2007-ல் என்ஜிசி 2808 என்ற இன்னொரு கோளக் கொத்தில் மூன்று கோடுகள் கிடைத்தன. ஒமேகா சென்டாரி, நம் பால்வீதி விழுங்கிய ஒரு சின்ன விண்மீன் மண்டலத்தின் மையமாக இருக்கலாம் என்பதால் அதை விதிவிலக்கு எனலாம். ஆனால் சாதாரணக் கோளக் கொத்துகளிலும் சில நட்சத்திரங்களில் சோடியம் கூடி ஆக்சிஜன் குறைந்திருக்கிறது.

பழக்கமான விளக்கம் இது: முதல் பந்தி நட்சத்திரங்கள் வயதாகி உமிழ்ந்த வாயு கொத்துக்குள்ளேயே தங்கி, அதிலிருந்து இரண்டாம் பந்தி பிறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் திருப்தி இல்லை, காரணம் சொல்கிறேன். பல கொத்துகளில் இரண்டாம் பந்தி எண்ணிக்கையில் முதல் பந்திக்குச் சமம், அல்லது அதிகம். முதல் பந்தியின் இலையில் மிஞ்சியதை வைத்து அதைவிடப் பெரிய பந்திக்கு எப்படிப் பரிமாறுவது? முதல் பந்தியில் பெரும்பகுதி பின்னால் கொத்தை விட்டு வெளியேறியது என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு 1100 முதல் 1300 கோடி வயது. ஒரு சதவீதப் பிழையே 12 கோடி ஆண்டு ஆகிறது. அதனால் இரண்டும் உண்மையிலேயே அடுத்தடுத்துப் பிறந்தவையா, அல்லது ஒரே காலத்தில் வெவ்வேறு சேர்மானத்தோடு பிறந்தவையா என்பதை வயதை அளந்து தீர்க்க முடியாது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இதற்கு அண்டை வீட்டுச் சிக்கல் ஒன்று முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நம் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிய மேகத்தில், என்ஜிசி 1846 போன்ற கொத்துகளில் அந்தத் திருப்பம் அகலமாக இருப்பதை 2007-ஐ ஒட்டிக் கண்டபோது, பிறப்பு 30 கோடி ஆண்டு இழுத்தது என்றார்கள். இப்போது பெரும்பாலோர் சொல்லும் காரணம் சுழற்சி. வேகமாகச் சுழலும் நட்சத்திரம் நடுவில் பிதுங்கி, அந்தப் பகுதி குளிர்ந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் பிரகாசமும் மாறும். ஒரே வயதுள்ளவை பல வயதுள்ளவைபோலத் தெரியும். நம் பால்வீதியில் எம்11 என்ற கொத்திலும் இதே அகலம் உண்டு.

ஹார்பர் லைன்:

மேடம், ரொம்ப நன்றி. நட்சத்திரங்களின் தூரத்தையும் நகர்வையும் அளந்த கயா விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம் என்று ஐரோலி அண்ணன் தனிச்செய்தியில் சொல்லிக் கொடுத்தார். எம்67 இருக்கும் இடத்தைச் சுற்றி அரை பாகைக்குள், இடமாறு தோற்றம் (தூரத்தைச் சொல்லும் அளவு) சுமார் 1.15 மில்லி ஆர்க்செகண்ட், சொந்த இயக்கம் (வானத்தில் வருடத்துக்கு நகரும் அளவு) கிழக்கு-மேற்கில் கழித்தல் 11, வடக்கு-தெற்கில் கழித்தல் 2.9 பக்கம் இருப்பவற்றை மட்டும் வடிகட்டி எக்செல்லில் வரைந்தேன். நீங்கள் சொன்ன கோடும் திருப்பமும் அப்படியே வந்தன!

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. முக்கியக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு. அப்புறம் திருப்பத்துக்கு மேலே, இடப்பக்கம், நீலமாகச் சில புள்ளிகள். 400 கோடி வயதில் அவ்வளவு நீலமாக எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாதே. அவை மட்டும் பின்னால் பிறந்தவையா?

திலக் நகர்:

நீங்கள் நீங்களே வரைந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இரண்டுக்கும் காரணம் ஜோடிகள்தான், பின்னால் பிறந்தது எதுவும் இல்லை.

மேலே வந்த இணைகோடு இரட்டை நட்சத்திரங்கள். இரண்டும் ஒரே அளவானால் பிரகாசம் இரட்டிப்பு, அதாவது வானியலில் பிரகாசத்தை அளக்கும் அளவெண்ணில் 0.75 மேலே. உங்கள் தாளில் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

நீலப் புள்ளிகளை 1953-ல் ஆலன் சாண்டேஜ் எம்3 கோளக் கொத்தில் முதலில் கவனித்தார். நெருங்கிச் சுற்றும் ஜோடியில் ஒன்று வயதாகி வீங்கும்போது அதன் வாயு மற்றதன் மேல் கொட்டும், அல்லது இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடும். நிறை கூடியதால் அது மறுபடி நீலமாகப் பிரகாசிக்கும். இதற்கு நம் நாட்டிலிருந்தே சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் ஒரு புற ஊதாத் தொலைநோக்கி இருந்தது. அதை வைத்து பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்ரமணியம் குழுவினர், என்ஜிசி 188 என்ற பழைய கொத்தில் இப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் மிகச் சூடான துணை இருப்பதை 2016-ல் காட்டினார்கள். வாயுவைக் கொடுத்துவிட்டு மிஞ்சிய உள்ளகம் அது. கொலாபாவில் இருக்கும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் செய்த கருவிகளும் அதே விண்கலத்தில் போயின.

அடுத்து எம்44-ஐ வரையுங்கள். இடமாறு தோற்றம் 5.4, சொந்த இயக்கம் கழித்தல் 36, கழித்தல் 13 பக்கம். கொத்து அகலமானது, அதனால் இரண்டு மூன்று பாகை வரை எடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் வெவ்வேறு நிறத்தில் போடுங்கள். ஆனால் எம்67 நம்மிடமிருந்து ஐந்து மடங்கு தூரம், அதனால் முதலில் தூரத்தைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

ஐரோலி:

தூரம் சரிசெய்ய எக்செல் சூத்திரம் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மேடம், அந்த என்ஜிசி 188 வாங்கணியில் தெரியுமா?

மாட்டுங்கா மொட்டைமாடி:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். துருவ நட்சத்திரத்துக்கு நாலு பாகை பக்கத்திலேயே இருப்பதால் வருடம் முழுக்க அஸ்தமிக்காது. ஆனால் மங்கல், வெளிச்சம் பரந்து கிடக்கும், உயரமும் இருபது பாகையை ஒட்டித்தான். என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நிலா இல்லாத, ஈரப்பதம் குறைந்த ஜனவரி இரவில் முயற்சி செய்யலாம். எம்67 அதைவிட எவ்வளவோ சுலபம், பிப்ரவரி இரவில் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடுத்த அமாவாசைக்கு வருபவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.